வாசலில் நின்ற துவக்கு

அன்ரி யாரையும் முதலில் முகத்தில் பார்க்க மாட்டார். இடுப்பைத்தான் பார்ப்பார்.

இதை நான் கண்டுபிடிக்க மூன்று மாதம் பிடித்தது. பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். காலையில் நான் உள்ளே வந்ததும் அவருடைய கண் நேரே என் இடுப்புக்குப் போகும். என் உடுப்பில்தான் ஏதோ பிழையாக்கும் என்று நினைத்து, நான் சேர்ட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறுமை குறைவு, வாய் நீளம். ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"என்ன அன்ரி, எந்த நாளும் என்ர இடுப்பையே பாக்கிறியள்? கொழுத்துப் போனன் எண்டால் நேர சொல்லுங்கோவன்."

அன்ரி வெட்கப்பட்டுப் போனார். "ஐயோ, இல்லைப் பிள்ளை. அது பழக்கம். முதல்ல இடுப்பு, பிறகு கை, பிறகுதான் முகம். ஊரில பாத்துப் பாத்து அப்பிடியே வந்திட்டுது."

இடுப்பில் துவக்கு இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம். துப்பாக்கியை நாங்கள் துவக்கு என்றுதான் சொல்வோம். படகில் வந்து இறங்கிப் பத்து வருசம் கழிந்த பிறகும் அவருடைய கண் அந்த ஒழுங்கை மாற்றவில்லை. பரமட்டா ஸ்டேசனில் எந்த வாசலில் பொலிஸ் நிற்கிறது, எவருக்குத் துவக்கு வலப்பக்கம், எவருக்கு இடப்பக்கம் என்று கேட்டால் உடனே சொல்வார். அதே ஸ்டேசனில் ரொட்டிக் கடை எங்கே என்று கேட்டால் தெரியாது.

எனக்குச் சிரிப்பு வரும். உண்மையைச் சொன்னால் எரிச்சலும் வரும். நான் கொழும்பில் வளர்ந்தவள், விமானத்தில் வந்தவள். சென்றிக் காவலரணில் ஆமி நிற்பதை நானும் கண்டிருக்கிறேன், ஆனால் பெரும்பாலும் பஸ் யன்னலுக்குள்ளால். அதனால் அன்ரியின் பயம் எனக்கு ஒரு சுபாவக் கோளாறாகத்தான் பட்டது. பல்லியைக் கண்டு கத்துகிறவர்கள் இல்லையா, அப்படி.

ஒரு தடவை இருவரும் சாமான் வாங்கப் போனோம். நான் பருப்பு எடுத்துக்கொண்டு திரும்பினால் ட்ரொலி நிற்கிறது, அன்ரியைக் காணவில்லை. வங்கி மெசினுக்குக் காசு கொண்டுவருகிற காவல்காரர் இரண்டு பேர் எதிரே போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் இங்கே துவக்கை இடுப்பில் வெளியே தெரியத்தான் கட்டியிருப்பார்கள். கடை கடையாகத் தேடி, கடைசியில் குழந்தை உடுப்புக் கடைக்குள் அன்ரியைப் பிடித்தேன். ஒரு சின்னஞ்சிறு சட்டையைக் கையில் வைத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆருக்கு அன்ரி உது?"

"அந்தக் காவல்காரர் போயிட்டினமோ?" என்று கேட்டார். நாங்கள் திரும்பி வந்தபோது ட்ரொலியில் இருந்த ஐஸ்கிறீம் உருகி, என் வெங்காயமெல்லாம் வனிலா மணத்தது.

ஆனால் பேதையென்று அவரை நினைத்துவிடக்கூடாது. என் மகள் ஆரணியின் ஏழாவது பிறந்தநாளுக்கு யாரோ தண்ணித் துவக்குகள் வாங்கி வந்திருந்தார்கள். ஐயோ, அன்ரி நிற்கிறாரே என்று நான் ஓடிப்போய்ப் பறிக்கப் பார்த்தேன். அன்ரி என்னை ஒரு பார்வை பார்த்தார். "எனக்கென்ன விசரே? உது தண்ணியெண்டு தெரியாதே?" என்றவர், ஒன்றை வாங்கி என் மனுசனைத் தலையிலிருந்து கால்வரை நனைத்துவிட்டார். பிள்ளைகள் அன்றைக்கு முழுக்க அவர் பின்னாலேயே திரிந்தார்கள்.

பிறகு அந்தக் குடிசோதனை நாள் வந்தது. வேலை முடிந்து அன்ரியின் காரில் வந்துகொண்டிருந்தோம். பட்டப் பகல். நெடுஞ்சாலையில் பொலிஸ் வரிசையாகக் கார்களை மறித்துச் சாரதிகளை ஊதச் சொல்லிக்கொண்டிருந்தது. இந்த நாட்டில் பொலிஸ் மறித்தால் காருக்குள் அசையாமல் இருக்க வேண்டும், கண்ணாடியை மட்டும் இறக்க வேண்டும். அது அன்ரிக்கும் தெரியும், லைசென்சுக்குப் படித்தபோது மனப்பாடம் செய்தவர். ஆனால் கை காட்டி மறித்தவுடன் படித்ததெல்லாம் பறந்துவிட்டது. காரை நிப்பாட்டினார், திறப்பை, அதுதான் சாவியை, இழுத்தார், கதவைத் திறந்து இறங்கினார். "இறங்கு, இறங்கு, கெதியா" என்று என்னையும் விரட்டினார். நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? நானும் இறங்கினேன். கொழும்புக்காரி, பஸ் யன்னல்காரி, ஒரு சொல்லுக்கு இறங்கிவிட்டேன்.

அன்ரி காரின் பின்மூடியைத் திறந்துவிட்டு, கைப்பைக்குள் கைவிட்டு அடையாள அட்டையைத் தேடிக்கொண்டு பொலிஸ்காரனை நோக்கி நடந்தார். ஊரில் அதுதான் முறை. இறங்க வேண்டும், திறந்து காட்ட வேண்டும், அட்டையோடு நடந்து போக வேண்டும். இங்கே, கேளாமல் இறங்கிப் பைக்குள் கைவிட்டபடி வருகிற ஆளைக் கண்டு அந்தப் பொலிஸ்காரன் வெளிறிப்போனான். "கெட் பாக் இன் த கார்!" என்று கத்தினான். அவனுடைய வலது கை இடுப்புக்குப் போனது.

நான் கத்தினேன், அவன் கத்தினான். ஒருமாதிரி இருவரும் காருக்குள் ஏறினோம். அவன் வந்து குனிந்து பார்த்து, எங்கள் முகங்களைக் கண்டு ஆறுதலானான். மெசினை அன்ரியின் வாய்க்கு நேரே பிடித்து, பத்துவரை எண்ணச் சொன்னான். அன்ரி எண்ணினார். "ஒண்டு, ரண்டு, மூண்டு, நாலு..." தமிழில். மெசினும் சரியென்று பச்சை காட்டியது. பொலிஸ்காரன் சிரித்துவிட்டுப் போகச் சொன்னான்.

அன்ரி திறப்பை என்னிடம் நீட்டினார். இடம் மாறி நான் ஓட்டினேன். பெண்டில் ஹில் ஸ்டேசனைத் தாண்டினோம். பிறகு சொன்னார்:

"அவன்ர கை எங்க போச்சுது, கண்டனியே? அவனுக்கு என்னில பயம் பிள்ளை. அம்பத்தாறு வயசு மனுசி, சலவைச் சவர்க்கார மணம். என்னில பயம்."

அன்றைக்குத்தான் தன் தமையனின் கதையைச் சொன்னார். அவர்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சென்றியில் நின்ற ஆமிப் பெடியன் ஒருவன் நல்லவனாம். தமையனோடு பகிடியெல்லாம் விடுவானாம். ஒரு காலை மழை பெய்து நிலம் சேறாகிக் கிடந்தது. சனம் சோதனைக்கு வரிசையில் நின்றபோது அந்தப் பெடியன் சேற்றில் சறுக்கி விழுந்தான். துவக்கு வெடித்தது. முன்னால் நின்ற தமையனின் உயிர் அந்த இடத்திலேயே போய்விட்டது.

"சுட வேணுமெண்டு சுடேல்லை. அவன் நிலத்தில இருந்து குழறி அழுதான். நான்தான் தண்ணி குடுத்தனான், குடியடா எண்டு. அவன் நல்ல பெடியன் பிள்ளை." பல்லிக்குப் பயப்படுகிறவர்களோடு இவரைச் சேர்த்து நினைத்ததற்காக மனதுக்குள் என்னை நானே திட்டிக்கொண்டேன்.

வாரத்தில் ஆறு நாளும் அன்ரி தலை குனிந்து திரிகிறவர். சனிக்கிழமை மட்டும் வேறு ஆள். ஆரணி படித்த சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒரு வாடகை மண்டபத்தில் நடந்தது. அதன் குசினிச் சமையல் அன்ரியின் கையில். ரோல்ஸ், வடை, பால் தேத்தண்ணி. உடைந்த ஆங்கிலம் பேசுகிற வாய் அங்கே அதட்டும், பாடும், நையாண்டி செய்யும். அப்போது அவருக்கு நிரந்தர விசா இல்லை. மகன் மெல்பேர்னில். இவர் ஒரு அறையில் தனியே. "உள்ள வர ஒரு கடதாசியும் கேளாத இடம் எனக்கு இந்த நாட்டில உது ஒண்டுதான்" என்று சொல்வார்.

அந்த இடத்துக்குத்தான் சோதனை வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, மண்டபத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டை யாரோ காரில் வந்து சுட்டுவிட்டுப் போனார்கள். ஏதோ கோஷ்டிச் சண்டை, எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் சுவரில் குண்டு துளைத்த படம் எல்லோருடைய போனுக்கும் வந்தது. அடுத்த நாள் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. பெற்றோர் கூட்டம் கூடினார்கள். விண்ணப்பித்தால் சனிக்கிழமை காலைகளில் ஒரு பொலிஸ்காரர் வாசலில் காவல் நிற்பார் என்று பள்ளிக்கூடத் தலைவர் விசாரித்து வந்திருந்தார். பொலிஸ் என்றால் துவக்கோடுதான்.

"குற்றவாளி துவக்கோட வந்தா, எங்கட பக்கத்திலயும் ஒண்டு நிக்க வேணும்" என்றார் ஒரு டொக்டர். அவருடைய தம்பி டெக்சாஸில் இருக்கிறார். "அங்க சனம் சுப்பர்மார்க்கெட்டுக்கே இடுப்பில கட்டிக்கொண்டு வருதுகள். வெளியில, எல்லாருக்கும் தெரியத்தான். ஒருத்தரும் பயப்பிடேல்லை."

குசினி வாசலில் நின்ற அன்ரி கேட்டார்: "பயப்பிடேல்லையெண்டு ஆரைக் கேட்டனீங்கள் தம்பி? கட்டினவையையோ, கட்டாதவையையோ?"

சிலர் சிரித்தார்கள். டொக்டர் சிரிக்கவில்லை. கார்த்திக் என்றொரு தகப்பன், மதுரைக்காரர், எழுந்தார். "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு ரெண்டு குழந்தைங்க. நான் வேலைக்குப் போற நேரத்துல இங்க விட்டுட்டுப் போறேன். எனக்கு பயமா இருக்கு. போலீஸ் நின்னா நிம்மதியா போவேன்." அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. நானும் அவர் பக்கம்தான் நின்றேன், காவல் கேட்பதென்றே முடிவானது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கூட்டம் முடிந்ததும் குசினிக்குள் போய் அன்ரியோடு சண்டை பிடித்தேன். "பொலிஸ்காரர் எல்லாம் பழக்கின ஆக்கள் அன்ரி. ஒவ்வொருத்தரும் உங்கட தமையனைச் சுட்ட பெடியனே?" என்றேன். "உங்கட பயத்துக்காக என்ர பிள்ளையைப் பணயம் வைக்கேலாது." சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்தேன். என்ன பிரயோசனம்?

அன்ரி கோபிக்கவில்லை. தட்டைத் துடைத்து அடுக்கினார். "ஓம் பிள்ளை, நீ தாய். உன்ர கதை சரி" என்றார். "ரோல்ஸை வீட்டில சுட்டுத் தாறன், நீ எடுத்துக்கொண்டு போ. அந்த வாசலைத் தாண்டி என்னால வரேலாது." அந்த ஒரு இடமும் அவருக்கு இல்லாமல் போகிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் காரில் ஏறிப் போய்விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை பொலிஸ் வந்தது. இருபத்தைந்து வயதுப் பெடியன், வெயிலில் காது சிவந்திருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் குட் மோர்னிங் சொன்னான். அருமையான பிள்ளை, சத்தியமாகச் சொல்கிறேன். நான் ஆரணியைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தால், முன்னால் அன்ரி நிற்கிறார். வரமாட்டேன் என்றவர் வந்துவிட்டார். என்னிடம் ரோல்ஸைத் தந்துவிட்டு வீட்டில் இருக்க மனம் கேட்கவில்லையாம். அதைப் பிறகுதான் சொன்னார்.

பொலிஸ்காரனுக்குப் பத்தடி முன்னால் நின்றுவிட்டார். பையைக் கீழே வைத்தார். சிப்பை இழுத்துத் திறந்தார். ரோல்ஸ் பெட்டியின் மூடியைத் திறந்து பக்கத்தில் வைத்தார். அட்டையை எடுத்து ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து விலக்கி நின்றார். கண் அவனுடைய இடுப்பில். அவன் பதறிப்போய், "நோ, நோ, யூ ஆர் ஃபைன், கோ இன்" என்கிறான். அன்ரிக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

பின்னால் பிள்ளைகள் காரிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். தங்களுக்கு ரோல்ஸ் தருகிற அன்ரி இப்படி நிற்பதைக் கண்டார்கள். இனிமேல் உள்ளே போவது இப்படித்தானாக்கும் என்று நினைத்திருக்க வேண்டும். அரிவரி வகுப்பில் அ, ஆ படிக்கிற ஒரு குஞ்சன் தன் பையைக் கீழே வைத்து, சிப்பை இழுத்து, சாப்பாட்டுப் பெட்டியின் மூடியையும் திறந்து வைத்தான். அவனுக்குப் பின்னால் இன்னொருத்தி. பிறகு ஒருவர் பின் ஒருவராக ஒரு வரிசை. என் கையிலிருந்து எப்போது கழன்றாளோ தெரியாது, ஆரணியும் அந்த வரிசையில் நின்றாள். பையைத் திறந்து வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். சிரித்துக்கொண்டு தூக்கியிருந்தால் விளையாட்டு என்று விட்டிருப்பேன். அவள் சிரிக்கவில்லை.

நான் பெற்ற பிள்ளை. யாரும் அதட்டவில்லை, யாரும் கேட்கவில்லை, எட்டு வயதில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். அந்தப் பெடியன் என்னைப் பார்த்து, "ஐ டிடின்ட் ஆஸ்க் தெம் டு" என்றான். முழங்காலில் நின்று ஒவ்வொரு பிள்ளையின் பையாக மூடிக் கொடுத்தான். நான் போய் அன்ரியின் கையைப் பிடித்து இறக்கினேன். குளிர்ந்து கிடந்தது.

அன்றைக்கே, வகுப்புகள் நடந்துகொண்டிருக்கும்போதே, மற்றப் பெற்றோரைப் பின் அறையில் கூட்டினேன். "போன கிழமை காவல் வேணுமெண்டு துள்ளினது நான்தான். இண்டைக்கு வேண்டாமெண்டுறதும் நான்தான். வெக்கத்தை விட்டுச் சொல்லுறன்" என்றேன். கார்த்திக் விடவில்லை. "அக்கா, நானும் பார்த்தேன், மனசு கேக்கல. ஆனா நாளைக்கு எவனாவது வந்தா? அதுக்கு என்ன பதில்?"

அன்ரி தேத்தண்ணித் தட்டோடு உள்ளே வந்து நின்றார். கூட்டத்தில் அவர் நீளமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

"தம்பி, உங்கட பயம் சரியான பயம். எனக்கும் அந்தப் பயம்தான், வேற இல்லை. எனக்குத் துவக்குப் பயமெண்டு கேட்டைத் திறந்துவிடச் சொல்லேல்லை. நல்லா மூடுவம். நாங்கள் ரெண்டு ரெண்டு பேரா வாசலில நிப்பம், முறை வச்சு. வாற ஆக்களை முகம் பாத்து, பேர் கேட்டு உள்ள விடுவம். அந்தத் தெருச் சனத்தில ஒருத்தரையும் எங்களுக்குத் தெரியாது, அவைக்கு எங்களைத் தெரியாது. நான் தேத்தண்ணி போட்டுத் தாறன், கூப்பிட்டுக் குடுப்பம், அவையும் கண் வச்சுக்கொள்ளுவினம். இவ்வளவும் செய்தும் ஒருத்தன் வந்தால்..." தட்டை மேசையில் வைத்தார். "அதுக்கு என்னட்டையும் பதில் இல்லை. ஆனால் என்ர காலம் துவக்கைப் பாத்துப் பாத்தே போச்சு. உந்தப் பிள்ளையளுக்கு அந்தப் பாடம் இப்ப வேண்டாம் தம்பி."

ஒரு பள்ளிக்கூடத் தவணைக்கு அப்படிச் செய்து பார்ப்போம் என்று முடிவானது. டொக்டருக்குப் பிடிக்கவில்லை, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே கையை உயர்த்தினார். பொலிஸ் நிலையத்தில் சொன்னோம். அவர்கள் கோபிக்கவில்லை, நேரம் கிடைக்கும்போது தெருவால் ஒரு முறை போய்ப் பார்ப்பதாகச் சொன்னார்கள். மஞ்சள் மேலங்கி போட்டு வாசலில் முதலில் நின்றது கார்த்திக்தான், வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். எதிர்வீட்டு லெபனான் தாய் முதல் வாரமே தேத்தண்ணிக்கு வந்தார். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக் கிழவர் நாயோடு வந்தார். வராமல் நின்ற பிள்ளைகள் ஒன்றும் இரண்டுமாகத் திரும்பத் தொடங்கினார்கள். அன்ரி குசினியில் முன்னைப்போல எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தார்.

பயம் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. இப்போது அவருக்கு நிரந்தர விசா கிடைத்து, மெல்பேர்னில் வெரிபீயில் மகன் வீட்டில் இருக்கிறார். போன மாதம் போனில் கதைத்தபோதும், ரெயிலில் பொலிஸ் ஏறியதால் அடுத்த ஸ்டேசனில் இறங்கி நின்ற கதையைத்தான் சொன்னார். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு வருகிற படம் அந்தத் தவணையின் கடைசிச் சனிக்கிழமைதான்.

அன்றைக்கு வாசலில் என் முறை. பொலிஸ் கார் ஒன்று வந்து நின்றது. காது சிவந்த அதே பெடியன் இறங்கினான். எல்லாம் எப்படிப் போகிறது என்று பார்க்க வந்தானாம். உள்ளே வா, தேத்தண்ணி குடி என்றேன். அவன் தலையை ஆட்டி, இடுப்பைத் தொட்டுக் காட்டினான். கடமையில் இருக்கும்போது இதைக் கழற்ற முடியாது, அந்த அம்மா உள்ளே இருப்பார், நான் வெளியிலேயே நிற்கிறேன் என்றான். சரியாகக் கேட்டுக்கு வெளியே, நடைபாதையில் நின்றான்.

குசினி யன்னலால் அன்ரி பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய் விசயத்தைச் சொன்னேன். "நான் கொண்டுபோய்க் குடுக்கிறன், நீங்கள் இருங்கோ" என்றேன்.

"வந்த பிள்ளையை ரோட்டில வச்சோ அனுப்பிறது?" என்றார் அன்ரி. அவருடைய சத்தம் சரியில்லை. கோப்பையைத் தானே எடுத்தார். குசினியிலிருந்து கேட்வரை நாற்பது அடி இருக்கும். முற்றத்தில் பிள்ளைகள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் கவனிக்கவில்லை. கோப்பை தட்டில் கிடுகிடுவென்று ஆடிய சத்தம் எனக்குக் கடைசிவரை கேட்டது. நான் பின்னால் போனேன். கேட்டைத் தாண்டி வெளியே போய், கையை நீட்டிக் கொடுத்தார். பாதித் தேத்தண்ணி தட்டில் கிடந்தது. அவன் இரண்டு கையாலும் வாங்கி, தட்டில் கிடந்ததைக் கோப்பைக்குள் ஊற்றிக் குடித்தான்.

அன்ரி திரும்பி விறுவிறுவென்று குசினிக்கு வந்து மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வியர்வை. நான் கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கோ அன்ரி, தண்ணி குடியுங்கோ" என்றேன். கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல எனக்கு இருந்தது.

அவர் உட்காரவில்லை. "அச்சோ, சீனி போதுமோ எண்டு அந்தப் பிள்ளையைக் கேக்கேல்லையே" என்றார். சீனிப் போத்தலையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு மறுபடியும் வாசலுக்கு நடந்தார்.